துளை போடும் முன்: பழைய ஹாம் செட்டுக்குக் கனெக்டர் தேடும் வழிகள்

கீழக்கரையிலிருந்து பழைய கைலி இரண்டில் சுற்றப்பட்டு, காரின் பின் இருக்கையில் வந்து சேர்ந்தது அந்த செட். யேஸு எஃப்டி-101இ. 1970-களில் ஜப்பானில் செய்யப்பட்டு, உலகம் முழுக்க ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்களின் மேசையில் இடம் பிடித்த மாடல். உள்ளே பெரும்பாலும் டிரான்சிஸ்டர்கள். அலைபரப்பும் பகுதியில் மட்டும் மூன்று வால்வுகள்: ஒன்று டிரைவர், இரண்டு கடைசிக் கட்டத்துக்கு. இதன் உரிமையாளரை நான் காக்கா (அண்ணன்) என்றுதான் அழைப்பேன். எழுபதைத் தாண்டியவர். நான் மோர்ஸ் கற்றுக்கொண்டதே அவர் வீட்டு மாடியில்தான். கண்பார்வை மங்கியதும் செட்டை என் கையில் கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது ஒன்று மட்டும் சொன்னார்: “தம்பி, உள்ளே எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள். உடம்பில் புதிதாக ஓட்டை மட்டும் போட்டுவிடாதீர்கள்.”

மண்டபத்தில் என் மேசையில் வைத்துப் பின்பக்கத்தைத் திருப்பியபோதுதான் அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று புரிந்தது. ஆண்டெனா சாக்கெட்டின் மேல் பச்சைக் களிம்பு பாசி போலப் படர்ந்திருந்தது. மைக் பிளக்கின் உறை விரல் பட்டதும் செதில் செதிலாக உதிர்ந்தது. துணைக்கருவி சாக்கெட்டில் செருகியிருக்க வேண்டிய 11 பின் பிளக் காணவே இல்லை. இந்த மூன்றுக்கும் எளிதான வழி, துரப்பணத்தை எடுத்து இன்று கடையில் கிடைக்கும் கனெக்டருக்கு ஏற்றபடி துளையைப் பெரிதாக்கிவிடுவது. பழைய செட்டுகளில் பாதி அப்படித்தான் சிதைந்து கிடக்கின்றன.

ரெசிஸ்டரோ கெப்பாசிட்டரோ போனால் கவலை இல்லை. மதிப்பும் தாங்கும் மின்னழுத்தமும் பொருந்தினால் எந்தக் கம்பெனியின் பொருளும் வேலை செய்யும். கனெக்டருக்கு உருவமே உயிர். பின்னின் பருமன், பின்களுக்கு இடையிலான தூரம், மரையின் அளவு, சாவிப்பள்ளம் இருக்கும் திசை என எல்லாம் ஒத்துப்போக வேண்டும். ஒன்று பிசகினாலும் நுழையாது. நுழைந்துவிட்டால் இன்னும் ஆபத்து, தவறான பின்னில் தவறான மின்சாரம் ஏறும்.

இந்தக் கரையில் இன்னொரு கணக்கும் உண்டு. மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு இரண்டு கடல். வாடைக்காற்று பாக் நீரிணைப் பக்கமிருந்து உப்பைக் கொண்டுவரும். கச்சான் வீசினால் மன்னார் வளைகுடாப் பக்கமிருந்து வரும். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்துக்கு ஓயாமல் வண்ணம் பூசி வந்ததை நாம் பார்த்திருக்கிறோம். கடைசியில் 2022 டிசம்பரில் அதன் மேல் ரயில் போவதே நின்று, 2025 ஏப்ரலில் புதிய பாலம் வந்தது. அந்தக் காற்றுதான் ஜன்னல் வழியாக என் மேசைக்கும் வருகிறது. ஆகவே கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ இருப்பவர் சொல்லும் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே பத்து ஆண்டு தாங்கும் மலிவுப் பிளக், இங்கே இரண்டு மழைக்காலத்தில் கரைந்துபோகும்.

முதல் வழி, இருப்பதையே கழுவிப் பார்ப்பது. இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். களிம்பைக் கண்டதும் பொருள் செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். காக்காவின் ஆண்டெனா சாக்கெட் எஸ்ஓ-239 வகை. பித்தளை உடல். களிம்பு மேலோட்டமாக இருந்தால் அடியில் உள்ள பித்தளைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நம் வீட்டில் குத்துவிளக்குக்குப் புளி போடுவதுபோல் இதற்கும் போடலாம் என்று கை துறுதுறுக்கும். வெறும் பித்தளைக்குப் புளி வேலை செய்யும். ஆனால் மரையின் இடுக்கில் துளி அமிலம் தங்கினாலும் அடுத்த மாதமே களிம்பு இரட்டிப்பாகத் திரும்பி வரும். நான் செய்வது வேறு. சாக்கெட்டைக் கழற்றி வெளியே எடுத்து, வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து உப்பை முதலில் வெளியேற்றுகிறேன். மென்மையான பல்துலக்கியால் தேய்க்கிறேன். பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுகிறேன். வெள்ளி முலாம் பூசிய பொருளாக இருந்தால் உப்புத்தாள் பக்கமே போகக் கூடாது. முலாம் ஒரு மெல்லிய படலம்தான். இரண்டு தேய்ப்பில் போய்விடும். வெள்ளி கறுத்திருப்பது பெரிய குறையும் இல்லை, மின்சாரம் பெரும்பாலும் தடையின்றிப் போகும்.

கழுவியபின் இரண்டு சோதனை. நடுத்துவாரத்தில் ஒரு நல்ல பிளக்கின் பின்னை நுழைத்து, பிளக்கின் உறையைத் திருகாமல் சாக்கெட்டைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். பிளக் தானாக நழுவி விழுந்தால் உள்ளே பிடிக்கும் இதழ்கள் தளர்ந்துவிட்டன என்று பொருள். அடுத்து, இன்சுலேஷனை உருப்பெருக்கியால் பார்க்க வேண்டும். பழுப்பு பேக்லைட்டில் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு நடுப்பின்னிலிருந்து உறை வரை ஓடினால், மின்பொறி தாவிக் கரியாக்கிய பாதை அது. எவ்வளவு கழுவினாலும் அது போகாது. காக்காவின் சாக்கெட் முதல் சோதனையில் தேறியது, இரண்டாவதில் தோற்றது.

இரண்டாவது வழி நம் கரைக்கே உரியது: படகுக் கடை. விசைப்படகுகளில் பேசுவதற்கு இருக்கும் விஎச்எஃப் வானொலி செட்டுக்கும் அதே பிஎல்-259 பிளக், எஸ்ஓ-239 சாக்கெட்தான். 1930-களில் வடிவமைத்த கனெக்டர் இன்றும் கடலுக்குப் போய் வந்துகொண்டிருக்கிறது. ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் படகுக்கு வயரிங் செய்பவர்களிடம் கேட்டால் கைநிறைய எடுத்துக் காட்டுவார்கள். கடலில் என்ன தாங்குகிறது, என்ன தாங்கவில்லை என்பதை அவர்கள் புத்தகம் படித்துச் சொல்வதில்லை; எந்தப் பிளக்குக்காகத் திரும்பத் திரும்ப ஆள் வருகிறார்கள் என்பதை வைத்துச் சொல்கிறார்கள். அந்த அறிவை எந்த இணையக் கடையும் தராது.

இதற்குப் பருவமும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையேறி, பழுது பார்க்கப்படுகின்றன. பழைய வயர், ஆழம் பார்க்கும் பழைய எக்கோ சவுண்டர், பழைய ஆண்டெனா எல்லாம் கழற்றப்படுவது அப்போதுதான். அந்த எக்கோ சவுண்டர்களின் வட்டவடிவ நீர்புகாக் கனெக்டர்கள் அருமையான சரக்கு. ஹாம் செட்டின் துளைகளுக்கு அவை பொருந்தாது. ஆனால் வீட்டுக்கு வெளியே, மொட்டை மாடியில் வயர் சேரும் இடத்துக்கு அவற்றை மிஞ்சியது இல்லை. பிஎல்-259-ஐப் பொறுத்தவரை படகிலிருந்து கழற்றியதை வாங்காதீர்கள். கேபிளின் செம்புப் பின்னல் வழியாகக் கடல்நீர் ஏறி, உள்ளே கறுத்திருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது.

மூன்றாவது, வேறொரு செத்த பொருளிலிருந்து எடுப்பது. காணாமல் போன 11 பின் பிளக்குக்கு விடை கிடைத்தது இங்கேதான். இந்தப் பிளக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது இல்லாத செட்டைப் ‘பழுது’ என்று அடிமாட்டு விலைக்கு விற்றுவிடுகிறார்கள். எஃப்டி-101 வரிசையில் கடைசிக் கட்ட வால்வுகளைச் சூடேற்றும் ஹீட்டர் இழையின் மின்சாரம், பின்பக்கத் துணைக்கருவி சாக்கெட்டின் 1, 2 ஆகிய பின்கள் வழியாகச் சுற்றி வருகிறது. அந்தச் சாக்கெட்டில், 1-ஐயும் 2-ஐயும் ஒரு துண்டு வயரால் இணைத்த பிளக் செருகியிருக்க வேண்டும். பிளக் இல்லையென்றால் செட் நன்றாகக் கேட்கும், அலைபரப்பாது. வால்வுகள் இருட்டாகவே இருக்கும். விஷயம் தெரியாதவர்கள் வால்வு போய்விட்டது என்று புது வால்வுக்கு அலைவார்கள்.

இந்த 11 பின் அமைப்பு, தொழிற்சாலைக் கன்ட்ரோல் பேனல்களில் வரும் வட்ட அடி ரிலேயிலும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இருக்கிறது. அதன் தம்பியான எட்டுப் பின் ‘ஆக்டல்’ அடி, 1935-இல் வானொலி வால்வுக்காக வந்தது; இன்றும் ரிலேயாக நம் ஊர் மின்சாதனக் கடைகளில் விற்கிறது. ஐஸ் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் நண்பர், காயில் எரிந்துபோன 11 பின் ரிலே ஒன்றைக் கொடுத்தார். கண்ணாடி போன்ற மூடியை நெம்பி எடுத்தால் உள்ளே காயிலும் தொடுமுனைகளும். இங்கே ஒரு எச்சரிக்கை: இந்த ரிலேக்களில் 2-ஆம் பின்னுக்கும் 10-ஆம் பின்னுக்கும் நடுவேதான் காயில் இருக்கும். எரிந்ததுதானே என்று அப்படியே விட்டுவிடக் கூடாது. உள்ளே உள்ள எல்லாவற்றையும் வெட்டி எறிந்து, வெறும் அடியும் 11 பின்னும் மட்டும் மிஞ்ச வேண்டும். மீட்டரை வைத்து எந்தப் பின்னுக்கும் எந்தப் பின்னுக்கும் தொடர்பில்லை என்று உறுதி செய்துகொண்டேன். பிறகு 1-க்கும் 2-க்கும் இடையே தடித்த வயரைப் பற்றவைத்தேன். ஹீட்டருக்கு மின்னழுத்தம் குறைவு என்றாலும் இரண்டு ஆம்பியருக்கு மேல் ஓடும். மெல்லிய வயர் சூடாகிவிடும். அதே சாக்கெட்டின் மற்றப் பின்களில் உயர் மின்னழுத்தமும் இருக்கக்கூடும். மின்சுற்றுப் படத்தைப் பக்கத்தில் விரித்து வைக்காமல் அங்கே கை வைக்கவே கூடாது.

நான்காவது, புதிதாக வாங்குவது. சென்னை ரிச்சி தெருவுக்குப் போனாலும், இணையத்தில் ஆர்டர் செய்தாலும் கிடைப்பது பெரும்பாலும் ஒரே சரக்குதான். வித்தியாசம், கடையில் கையில் எடுத்துப் பார்க்கலாம். காக்கா தன் காலத்தில், 1985-இல் தீயில் அழிந்த மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் குவியலுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து தேடிய கதையை இன்றும் சொல்வார். கையில் காந்தம் ஒன்றை வைத்திருப்பாராம். நானும் அதைத்தான் செய்கிறேன். காந்தம் பலமாக இழுத்தால் உள்ளே இரும்பு. நம் கரைக்கு அது ஆகவே ஆகாது. அடுத்துப் பார்க்க வேண்டியது முலாமும் இன்சுலேஷனும். வெள்ளி முலாமும் வெள்ளை டெஃப்லானும் சேர்ந்ததுதான் முதல் தரம். டெஃப்லான், சால்டரிங் அயர்ன் பட்டாலும் உருகி வழியாது, ஈரத்தையும் உறிஞ்சாது. பளபளவென்று மின்னும் நிக்கல் முலாம் பார்க்க அழகு, ஆனால் ஈயம் ஒட்டாது. பிஎல்-259-இன் பக்கவாட்டுத் துளைகளைச் சுற்றிச் சின்ன அரத்தால் நிக்கலைச் சீவி, மஞ்சள் பித்தளை தெரிந்த பிறகே ஈயம் ஓடும். அதுவும் 25 வாட் அயர்னால் முடியாது. உடலே சூட்டைக் குடித்துவிடும். அறுபது முதல் நூறு வாட் வரை வேண்டும். பொறுமை இல்லாமல் மேலும் மேலும் சூடேற்றினால், மலிவுப் பிளக்கின் பிளாஸ்டிக் இளகி நடுப்பின் சாய்ந்துவிடும்.

ஒருமுறை ‘வெள்ளி முலாம்’ என்று எழுதியிருந்ததை நம்பித் தபாலில் ஒரு டஜன் வாங்கினேன். வந்தது நிக்கல், அதுவும் மூன்றில் மரை கோணல். அன்றிலிருந்து முதலில் இரண்டு வாங்கிப் பார்த்து, பிறகுதான் மீதி.

மரையைப் பற்றி இன்னொன்று. எஸ்ஓ-239-இன் மரை அங்குல அளவு, எட்டில் ஐந்து அங்குலம். பழைய ஜப்பானியச் சாதனங்கள் சிலவற்றில் 16 மில்லிமீட்டர் மரை உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். முதல் இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். இறுகியதும் குறடு தேடாதீர்கள். திருப்பிக் கழற்றி, மரையை அளந்து பாருங்கள்.

மைக் பிளக்குக்குப் புதுச் சரக்குதான் சரி. ஜிஎக்ஸ்-16 என்ற பெயரில் விற்கும் நான்கு பின் வட்டப் பிளக் இந்த செட்டின் மைக் சாக்கெட்டுக்குப் பொருந்துகிறது. எட்டுப் பின் வகையும் அதே பெயரில் உண்டு, பிற்கால ஜப்பானிய செட்டுகளுக்கு. விலையும் அற்பம். உப்பில் அதன் குரோம் உறை நிச்சயம் பொரிந்துபோகும், ஆனால் ஆண்டுக்கு ஒன்று மாற்றினாலும் செட்டுக்கு ஒரு கீறலும் விழாது. பிளக் ஒன்றுபோல் இருப்பதால் வயரிங்கும் ஒன்றுதான் என்று நினைத்துவிடக் கூடாது, கம்பெனிக்குக் கம்பெனி பின் வரிசை மாறும். இந்தப் பிளக்கையே உயர் மின்னழுத்தத்துக்கும் பயன்படுத்தலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். வேண்டவே வேண்டாம். எஃப்டி-101இ-இன் உள்ளே வால்வுகளுக்குச் சுமார் 600 வோல்ட் ஓடுகிறது. பின்களுக்கு நடுவே இவ்வளவு நெருக்கமான இடைவெளியில், உப்பு ஈரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஆண்டெனா சாக்கெட்டின் கறுப்புக் கோடே காட்டிவிட்டது.

ஐந்தாவது, வெளிநாட்டிலிருந்து அந்தக் காலத்துப் பயன்படுத்தாத சரக்கையே வரவழைப்பது. மிகச் சரியாகப் பொருந்தும், மனதுக்கும் நிறைவு. தபால் செலவும் சுங்கமும் சேர்ந்து பொருளின் விலையைத் தாண்டிவிடும், வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். வேறு எங்கும் கிடைக்காத வடிவத்துக்கு மட்டும் இதை வைத்துக்கொள்கிறேன். அமெரிக்க செட் வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளலாம். காலின்ஸ் கேடபிள்யூஎம்-2 போன்றவற்றின் மைக் துவாரத்தில் நம் ஊர் 6.35 மில்லிமீட்டர் ஜாக் போகாது. அது பிஜே-068 என்ற, 5.23 மில்லிமீட்டர் பருமனுள்ள வகை. ‘அரும்பொருள்’ என்று அதற்கு யானை விலை சொல்பவர்கள் உண்டு. சிறு விமானங்களில் ஹெட்செட்டின் மைக் பிளக்காக இன்றும் இருப்பது அதுவேதான். விமானச் சாமான் விற்பவர்களிடம் தேடினால் புதிதாகவே கிடைக்கும்.

கடைசி வழி, துளையை மாற்றுவது. எஸ்ஓ-239-ஐக் கழற்றிவிட்டு ‘என்’ வகையோ பிஎன்சியோ போடச் சொல்பவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது: எஸ்ஓ-239 மின்மறுப்பை (இம்பீடன்ஸ்) சீராக வைத்திருக்காது. ஆனால் அது உறைப்பது நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸில். இந்த செட் 30 மெகாஹெர்ட்ஸைத் தாண்டாது. 7 மெகாஹெர்ட்ஸில் இலங்கைக்கும் கேரளத்துக்கும் பேசுகிறவருக்கு அந்த வித்தியாசம் காதிலும் விழாது, மீட்டரிலும் தெரியாது. இல்லாத நோய்க்காக உடம்பைக் கிழிப்பது எனக்குச் சம்மதமில்லை. வேறு கனெக்டர்தான் பொருத்தியாக வேண்டும் என்றால், லேத் பட்டறையில் பித்தளைத் தகடு ஒன்று வெட்டிக்கொள்ளலாம். பழைய சாக்கெட்டின் நான்கு திருகுத் துளைகளிலேயே அது உட்காரும்படி செய்து, புதிய துளையைத் தகட்டில் போட வேண்டும், செட்டில் அல்ல. படகுக்குப் புஷ் கடைந்து தரும் பட்டறைகளுக்கு இது அரைமணி நேர வேலை. எந்த வழியில் போனாலும் என் கேள்வி ஒன்றுதான்: எனக்குப் பிறகு வருகிறவர் இதைக் கழற்றிவிட்டுப் பழையபடி வைக்க முடியுமா? முடியும் என்றால் தாராளமாகச் செய்யலாம்.

இப்படியாக, காக்காவின் செட்டில் ஆண்டெனா சாக்கெட்டுக்கு வெள்ளி முலாம், டெஃப்லான் உள்ள புதியது போட்டேன். நான்கு திருகும் பழைய துளைகளில் சரியாக உட்கார்ந்தன. அலுமினியமும் பித்தளையும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும். அதனால் அடியில் தகட்டைச் சுத்தமாகத் துடைத்து, இறுக்கிய பிறகு விளிம்பில் மெல்லிய சிலிக்கான் கிரீஸ் பூசினேன். கழற்றிய பழைய சாக்கெட்டைத் தூக்கி எறியவில்லை; ஒரு பாலித்தீன் பையில் போட்டு, செட்டின் அடித்தகட்டுக்குள் கட்டி வைத்திருக்கிறேன்.

அதோடு ஒன்று சேர்த்தேன். அரை மீட்டர் நீளத்தில் ஒரு குட்டிக் கேபிள். ஒரு முனை செட்டின் சாக்கெட்டில் நிரந்தரமாக இருக்கும். மறுமுனையில்தான் தினமும் மாட்டுவதும் கழற்றுவதும். தேய்மானம், உப்பு, இழுபறி எல்லாம் அந்த மறுமுனைக்கே போகும். அது கெட்டால் ஒரு பிளக்தான் நட்டம். ஆர்ஜி-58 கேபிளுக்கு பிஎல்-259-உடன் சின்ன ரெடியூசர் ஒன்று வாங்க மறந்துவிடாதீர்கள். அது இல்லாமல் மெல்லிய கேபிள் பிளக்குக்குள் ஆடிக்கொண்டிருக்கும்.

ரிலே அடியில் செய்த பிளக்கைச் செருகி, ஹீட்டர் சுவிட்சைப் போட்டபோது சாயங்காலம் ஏழு மணி. விளக்கை அணைத்துவிட்டுப் பக்கவாட்டு ஓட்டைகள் வழியாகப் பார்த்தேன். முதலில் ஒன்றுமில்லை. அரை நிமிடத்தில் இரண்டு வால்வுகளின் அடியிலும் ஆரஞ்சு நிறம் மெல்லத் துளிர்த்தது. காக்காவுக்குப் போன் செய்தேன். வால்வு எரிகிறதா என்று அவர் கேட்கவில்லை. “எதில் பிளக் செய்தீர்கள்?” என்றார். ஐஸ் கம்பெனி ரிலே என்றதும் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, தன் வீட்டு மோட்டார் பெட்டியிலும் அதே மாதிரி ரிலே ஒன்று எரிந்து கிடப்பதாகவும், அடுத்த முறை வரும்போது எடுத்துப்போகும்படியும் சொன்னார். கூடுதல் பிளக் ஒன்று கையிருப்பில் இருப்பது நல்லதுதான். வெள்ளிக்கிழமை கீழக்கரை போகிறேன்.